மூச்சு விட்டவர்கள்

2018 அக்டோபர் மூன்றாம் தேதி காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, தோமையார்துறைக்குக் கிழக்கே ஒன்றேகால் மைல் தொலைவில், கடலின் மேற்பரப்பில் பத்துக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து ஒவ்வொன்றும் ஒரு சொல் சொல்லின. படகின் விளிம்பில் உட்கார்ந்து அவற்றை எண்ணிக் கேட்டவள் பெயர் ஜெசிந்தா மோத்தா.

‘சைக்கிளைத் திருடினது நான்தான் அடி வாங்கினது தம்பி இன்னும் யாருகிட்டயும் மூச்சு விடல’ என்றன அந்தக் குமிழிகள். குரல், ஏழு மீட்டர் ஆழத்தில் மணலில் முழந்தாளிட்டு, முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகிக்கொண்டிருந்த திருநெல்வேலி வங்கிக் குமாஸ்தாவுடையது. அவர் வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் இருந்தது, பேச வழியில்லை. பேசவும் இல்லை. மூச்சுதான் விட்டார்.

ஜெசிந்தாவின் வேலை குமிழிகளைப் பார்ப்பது. முங்குகிறவர்கள் கீழே உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்குக் கடல் மேலே அனுப்பும் ஒரே சாட்சி அதுதான். குமிழி எங்கே வருகிறது, எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது, எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்த்து நோட்டில் பெயர், இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஆழம் எல்லாம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. நீரோட்டம் பலமாக இருந்தது, சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் மிதந்தது என்பதுபோல அதில் எழுதுவாள். அன்றைக்குச் சற்று யோசித்துவிட்டு ‘பேச்சு உண்டு’ என்று எழுதினாள்.

இந்த முங்குப் பயிற்சி நிலையத்தை நடத்தியவர் மூர்த்தி மாஸ்டர். பொள்ளாச்சிக்காரர், அந்தமானில் முங்கப் படித்து இங்கே வந்து குடியேறியவர். கரைக்கு வந்ததும் அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, “எனக்கும் பேச்சு வந்துதுங்களா அக்கா?” என்று கேட்டார். வந்தது என்றாள். பொள்ளாச்சியில் இருக்கும் அப்பா, மகன் இன்னும் வங்கியில் வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய குமிழிகள் சொல்லியிருந்தன. மூர்த்தி அன்று மத்தியானமே அப்பாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் திட்டு வாங்கினார். மறுநாள் அவர் விட்ட குமிழிகள் ‘ப்ளக், ப்ளக்’ என்று வெறுமனே உடைந்தன. கரையில் சொல்லியாகிவிட்டால் கடலுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

காரணம் என்ன என்று ஊர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. முங்குபவர்களுக்கு முதல் விதி, தண்ணீருக்கடியில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது. அதைப் பலகையில் எழுதித் தரும்படி மூர்த்தி ஒரு பெயிண்டரிடம் சொல்லியிருந்தார். பெயிண்டர் எழுத்தைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டதால் இடம் போதாமல் ‘மூச்சு விடு’ என்று முடித்துவிட்டார். படகின் முகப்பில் ஆணியடித்திருந்த அந்தப் பலகை, செப்டம்பர் மாதக் காற்றில் பிய்ந்துபோய், சட்டத்திலிருந்த இரும்பின் கனத்தால் பயிற்சி நடக்கும் இடத்திலேயே அடியில் போய் உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லாததை மூச்சு விடாதது என்றுதானே நாம் சொல்கிறோம். பலகை சொன்னதைக் கடல் நம் ஊர்த் தமிழில் புரிந்துகொண்டது, அவ்வளவுதான் என்றார்கள். பலகையை எடுத்துவிடலாமா என்று மூர்த்தி கேட்டபோது, கடல் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்ட பிறகு நாம் போய்த் திருப்பி வாங்குவது முறையில்லை என்று ஊர்க் கமிட்டி தீர்மானம் போட்டது.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். மீன் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். திருமணமாகி இருபது வருடம் ஆனவர்களும், நகைக்கடை வைத்திருப்பவர்களும், இரண்டு முறை தேர்தலில் தோற்றவர் ஒருவரும், ரப்பர் சட்டைக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டி கோத்த கச்சையும் முதுகில் சிலிண்டரும் காலில் துடுப்புச் செருப்புமாகப் படகின் விளிம்பில் வாத்துகள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டையா ஒருவர் மோட்டார் திருட்டில் சந்தேகத்துக்குரிய ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, இவனை முதல்நிலைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். “தானா விரும்பி இறங்கறேன்னு படிவத்துல கையெழுத்து வேணுமுங்க” என்று மூர்த்தி மறுத்துவிட்டார். கல்யாணத் தரகர் மாப்பிள்ளைகளை முங்கவைத்துப் பார்த்தால் ஜாதகச் செலவு மிச்சம் என்றார். பங்குச் சாமியார், குமிழி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் ஆகாது, அதற்கு மன்னிப்பும் கிடையாது என்று ஞாயிறு பிரசங்கத்தில் கண்டிப்பாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை படிவம் வாங்கிப் போனார்.

ஆழத்துக்கும் பேச்சுக்கும் உள்ள கணக்கை மூர்த்தி விளக்கினார். பத்து மீட்டரில் விட்ட குமிழி மேலே வரும்போது இரண்டு மடங்காக வீங்கும். முப்பது மீட்டரில் விட்டது நான்கு மடங்கு. ஆகவே முதல்நிலைக்காரர்களின் முணுமுணுப்பு மேலே பேச்சாக வந்தது. மேல்நிலைப் பயிற்சிக்குத் தூரக்கடலுக்குப் போனவர்களின் முணுமுணுப்பு கூப்பாடாக வந்தது. முப்பது மீட்டரில் வந்தவை, விட்டவருக்கே தெரியாதவையாகவும் இருந்தன. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ‘எனக்குக் கணக்கு பிடிக்கவே பிடிக்காது’ என்று கடல் அதிர அறிவித்துவிட்டு மேலே வந்து, வந்த பேச்சை ஜெசிந்தா சொல்லக் கேட்டதும் படகிலேயே படுத்துக்கொண்டார்.

இதற்கு ஊர் இரண்டு ஏற்பாடு செய்தது. ஒன்று, கம்ப்ரசர் இரைச்சலில் பதினாறு வருடம் வேலை செய்து இரண்டு காதும் மந்தமாகிப்போன சூசை அண்ணனைப் படகோட்டியாக வைத்தார்கள். மற்றது தட்டு. காது வலி உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேட்கும்போதே “தட்டு வேணுமா, வேண்டாமா?” என்றும் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் குமிழி வரும்போதெல்லாம் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து ஜெசிந்தா பேச்சை அமுக்கிவிடுவாள். சாமியார் இறங்கிய அன்று அடித்த அடியில் கரண்டி வளைந்தது. தட்டு வேண்டாம் என்று இறங்கியவர்களுக்கு மட்டும், கரைக்கு வந்ததும் தனியே கூப்பிட்டு, வந்ததைச் சொல்லுவாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. “ஜெசிந்தா மூச்சு விடமாட்டா” என்று ஊரில் பாராட்டாகச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய பாராட்டு என்பது ஊருக்குத் தெரியாது.

அவள் மூச்சு விடாதது இது. 2015 ஜனவரி பதினெட்டாம் தேதி, மஸ்கட் பக்கம் இழுவைக் கப்பலில் வேலை பார்த்த அவள் கணவன் கஸ்பார் கடலில் விழுந்து போனான். உடல் கிடைக்கவில்லை. கூட வேலை செய்த முட்டத்துக்காரர் மறுநாள் போனில் சொன்னபோது, கஸ்பாரின் தாய் தஸ்நேவிஸ் அம்மாள் கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். நாற்பது நாளைக்கு ஒரு சொட்டு அழக்கூடாது, அழுதால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பது நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று ஜெசிந்தா நினைத்தாள். நாற்பத்தோராவது நாள், நாற்பது நாளாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே போனது. கப்பல் கம்பெனியிலிருந்து வந்த காகிதங்களை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்ததும், யாரும் பேசாத போனைக் காதில் வைத்து, “சாப்பிட்டீங்களா? மாமி நல்லா இருக்காவ” என்று பேசினாள். தஸ்நேவிஸ் அம்மாள் அடுப்படியிலிருந்து, “நான் கேட்டேன்னு சொல்லுட்டி” என்பாள். போனை ஒருநாளும் வாங்கிப் பேசியதில்லை. காதுக்குள் இரைகிறது என்பாள்.

ஐந்து வருடமாக ஊருக்கு வராத கஸ்பாருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊர் வைத்துக்கொண்டது. செத்தவனுக்கு ஒரு பூசைகூடப் பெயர் சொல்லிக் கேட்க முடியவில்லையே என்பதுதான் ஜெசிந்தாவை அறுத்தது. வருடா வருடம் ஜனவரி பதினெட்டுக்குக் கோவில் அலுவலகத்தில் ‘ஓர் ஆன்மாவுக்காக’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பாள். அறிவிப்புப் பலகையில் அதே தேதிக்கு இன்னொரு ‘ஓர் ஆன்மாவுக்காக’வும் இருக்கும். நம்மைப்போல இன்னொருத்தி என்று நினைத்துக்கொள்வாள்.

2019 அக்டோபரில் அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 2020 ஜனவரி முதல், படகில் குமிழி பார்ப்பவர்களும் முதல்நிலைச் சான்றிதழ் பெற்ற முங்காளிகளாக இருக்க வேண்டும்; இல்லாதவர்களைப் படகில் ஏற்றக் கூடாது. “பத்து நாள்ல முடிச்சிரலாமுங்க அக்கா” என்றார் மூர்த்தி. நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் ஜெசிந்தா மூன்றே நாளில் எல்லாம் படித்தாள். ரெகுலேட்டரை வாயிலிருந்து கழற்றி மறுபடி தேடிப் பொருத்தினாள். காற்றுச்சட்டையில் அளவாகக் காற்றை ஏற்றி மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றாள்.

கடலில்தான் சிக்கல். அவள் முங்கும்போது படகில் குமிழி பார்க்க ஒருவர் வேண்டுமே.

“நீ முங்குத எடத்துல எவளோ ஒருத்தி வந்து தட்டு அடிக்கவா?” என்றாள் தஸ்நேவிஸ் அம்மாள். “எட்டு மணியோட ஏலம் முடிஞ்சிரும். நான் வாரேன்.”

தஸ்நேவிஸ் அம்மாள் மீன் இறங்குதுறையில் ஏலம் கூறுகிறவள். எண்பது பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில், மூலையில் ஒருவன் கூடையை நகத்தால் சுரண்டினாலும் அதை விலையேற்றமாகக் கேட்டுவிடும் காது அது. தட்டுச் சத்தத்துக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அந்தக் காதுக்கு ஒரு ராஜபாட்டை. மாமி வரவேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அப்படிச் சொன்னால் அதுவே சொன்னதாகிவிடும்.

ஆகவே ஜெசிந்தா கடலுக்கடியில் மூச்சை அடக்கினாள். இழுத்த காற்றை நெஞ்சுக்குள் பூட்டிவைத்து, முடியாத கட்டத்தில் மட்டும், சொல் உண்டாவதற்குள் உடைந்துவிடுகிற மாதிரி, பாசிமணி அளவில் துளித்துளியாகக் கசியவிட்டாள்.

“குமிழியே வரலைங்க அக்கா” என்றார் மூர்த்தி, கரையில். “நாலு எண்ணறதுக்குள்ள ஒண்ணு வரணும். நீங்க பதினாறு வரைக்கும் எண்ணறீங்க.”

“தலை வலிக்குது மாஸ்டர்.”

“வலிக்காதுங்களா பின்ன? விட வேண்டிய காத்தை உள்ளயே வெச்சிருந்தா?”

கடைசிப் பரீட்சை, காற்று தீர்ந்துபோனால் மேலே ஏறும் முறை. ஒன்பது மீட்டரிலிருந்து ஒரே மூச்சில், ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே, காற்றை விட்டபடி ஏற வேண்டும். “கீழ அரைப் பலூனா இருக்கறது மேல வாறப்ப முழுப் பலூனாயிருமுங்க. வாயைக் கட்டி வெச்சா வெடிச்சிரும். பலூன்னு நான் சொல்றது உங்க நுரையீரலுங்க” என்று மூர்த்தி சொல்லித்தான் கூட்டிப் போனார். இரண்டு முறை ஏறினாள். இரண்டு முறையும் அவள் வாயிலிருந்து ஒரு குமிழியும் வராததைக் கண்டு, பாதி வழியில் காற்றுச்சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

“இன்னொருக்கா அடக்குனீங்கன்னா உங்களை நான் இறக்க மாட்டேனுங்க” என்றார் படகில். “வேலை போனாப் போவுது. எதுவா இருந்தாலும் கரையிலயே யாருகிட்டயாவது சொல்லிப்போடுங்க. காலியா இறங்கலாம்.”

ஜெசிந்தா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தஸ்நேவிஸ் அம்மாள் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் இருந்த தட்டை வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் ஏலம் முடிந்ததும், மீன் செதிள் ஒட்டிய கையோடு நிலையத்துக்கு வந்தாள்.

“மூர்த்தி, என் அளவுக்கு ரப்பர் சட்டை இருக்கா?”

“உங்களுக்கு எதுக்குங்கம்மா?”

“நாப்பது வருசமா கடல்ல இருந்து வந்ததையெல்லாம் ஏலம் கூறியிருக்கேன். அது இருந்த எடத்தை ஒருதடவை பாக்கண்டாமா?”

ஐந்து மீட்டர் அறிமுக முழுக்குக்கு டாக்டர் சான்றிதழ் போதும். கண் டாக்டரும் கையெழுத்துப் போட்டார். தொட்டியில் இரண்டு நாள் பழகினாள். ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே மூர்த்தியிடம் பேச முயன்று தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்தாள். ரப்பர் சட்டையை மாட்ட இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டியிருந்தது. “நண்டுக்கு ஓடு மாட்டுத மாதிரி இருக்கு” என்றாள்.

டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். மழை விட்டுக் கடல் எண்ணெய்போலக் கிடந்தது. ஜெசிந்தா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“மாமி, தட்டு வேணுமா?”

“வேண்டாம்.”

“மாமி...”

“வேண்டாம்னு சொல்லுதேம்லா. காதைத் தீட்டிக்கிட்டு இரு.”

வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, மூர்த்தியின் கையைப் பிடித்தபடி, முதுகுப்பக்கமாகக் கடலில் விழுந்தாள். முதலில் மூர்த்தியின் குமிழிகள் ப்ளக், ப்ளக் என்று காலியாக வந்தன. பிறகு அவற்றுக்குப் பக்கத்தில், ஏலத் துறையில் ஊரே கேட்ட அந்தக் குரல், ஒன்றரை மடங்கு பெரிதாகி, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

‘கண்ணைத்தான் கட்டியிருந்தாங்க. காதைக் கட்டல.’

ஜெசிந்தா கையில் இருந்த கரண்டி நழுவிப் படகுக்குள் விழுந்தது.

‘போன் வந்த அன்னைக்கே கேட்டுட்டேன். பிள்ள எனக்காக அழாம இருந்தா. அவளுக்காக நானும் அழல. தெரியும்னு சொன்னா இங்க அவளுக்கு என்ன இருக்கு, தாய்வீட்டுக்குப் போயிருவா. அதான் மூச்சு விடல.’

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஜெசிந்தா பழக்கத்தினால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு எண்ணுவதற்குள் வந்தது.

‘ஜனவரி பதினெட்டுக்கு எழுதுத அந்த இன்னொரு பூசை என்னுது.’

“என்ன பிள்ள, எண்ணிக்கை தப்பிட்டா?” என்று சூசை அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக் கத்திக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

பதினெட்டு நிமிடம் கழித்துத் தஸ்நேவிஸ் அம்மாள் ஏணியில் ஏறி வந்து, குழாயைத் துப்பிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “அடியில ஒண்ணையுங் காணோம்ட்டி. மணலும் ஒரு பலகையும். இதைப் பாக்கவா இத்தனை பேரு வாரானுவ?”

ஜெசிந்தா சொல்லத் தொடங்கினாள். “மாமி, ஞாயித்துக்கிழமை போன்ல... நான் வெறும் போன்ல...”

“தெரியும். போன வருசம் ஒருதடவை அவனுக்கு இருமல்னு சொன்னியே, அந்த வாரம் பூரா எனக்கு மனசே கேக்கல. இல்லாதவனுக்கு எதுக்குட்டி இருமலைக் குடுத்த?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது. தஸ்நேவிஸ் அம்மாள் ஈரக் கையால் அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். “போ. காத்து ஏறுததுக்கு முன்னால முங்கு. நான் இருக்கேன்.” தட்டை அவள் மடியிலிருந்து எடுத்துப் படகின் இருக்கைப் பலகைமேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது மீட்டரில், சற்றுத் தள்ளி, அந்தப் பலகை மணலில் சாய்ந்து நின்றது. சிப்பி ஒட்டியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. மூர்த்தி கைகாட்டினார். ஜெசிந்தா தலையை நிமிர்த்தி, ஒரு கையை மேலே நீட்டி, ‘ஆ’ என்று ஆரம்பித்தாள். அவளைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. அவளோடு கூடவே ஏறின. ஏற ஏறப் பெருத்தன. எவ்வளவு விட்டாலும் நெஞ்சில் இன்னும் காற்று இருந்தது. ஏற ஏற அது தானே பெருகி வந்துகொண்டே இருந்தது, ஐந்து வருடத்துக் காற்று. என்ன சொன்னாள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. விடுகிறவருக்கு ஒருபோதும் கேட்பதில்லை.

தலை வெளியே வந்தபோது படகில் தஸ்நேவிஸ் அம்மாள் தட்டின்மேல் உட்கார்ந்தபடியே, மறைக்காமல், முந்தானை தேடாமல், வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன நாற்பது நாள் அவளுக்கு அன்றைக்குத்தான் முடிந்தது. சூசை அண்ணன் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நோட்டில் அன்றைய கடைசி வரி, ஏலச்சீட்டு எழுதிப் பழகிய கோணல் கையெழுத்தில் இருக்கிறது. ஜெசிந்தா மோத்தா, இறங்கியது 9.48, ஏறியது 10.02, ஆழம் ஒன்பது மீட்டர். குறிப்பு: பேச்சு உண்டு. கேட்டாச்சு.

2020 ஜனவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, தோமையார்துறைக் கோவில் அறிவிப்புப் பலகையில் காலை ஆறு மணிப் பூசை, கஸ்பார் மோத்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதப்பட்டிருந்தது; கேட்டவர்கள், தாயும் மனைவியும். அன்று வேறு எவரும் பூசை கேட்கவில்லை.